பத்து இருபதுக்கு ஒரு பொய்

ஏஜென்ட் செத்துக் கிடந்தார்.

மேஜைக்கும் ஜன்னலுக்கும் நடுவே, குப்புற. ஒரு செருப்பு காலில், இன்னொன்று நாற்காலிக்கு அடியில். பின்மண்டையிலிருந்து வழிந்த ரத்தம் காய ஆரம்பித்திருந்தது. காகிதத்தில் ஓட்டை போடும் பெரிய இரும்பு பஞ்சிங் மெஷின் அவர் தோளருகே கிடந்தது. அதிலும் ரத்தம்.

கதவைத் திறந்த கையோடு வெல்டர் அப்படியே நின்றான்.

மேலே மின்விசிறி தன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. சுவர் முழுக்க விமானப் படங்கள். பனி மூடிய மலைகள். பல் தெரியச் சிரிக்கும் குடும்பங்கள். எல்லோரும் பிணத்தைப் பார்த்துச் சிரித்தார்கள்.

"ஏஜென்ட் சார்..."

கூப்பிட்டுப் பார்த்தான். கூப்பிட்ட குரலுக்கு எழுந்து வரும் நிலையில் அவர் இல்லை.

பின்னால் படிக்கட்டில் காலடிச் சத்தம். கீழே தையல் கடை வைத்திருந்த அம்மாள், ஏஜென்டின் சட்டையைத் தைத்து முடித்து, கொடுத்துவிட்டுப் போகலாம் என்று மேலே வந்தாள். வெல்டரைப் பார்த்தாள். அவனைத் தாண்டித் தரையைப் பார்த்தாள்.

அலறல் தெருமுனை வரை கேட்டது!

மணி, பகல் பதினொன்று நாற்பது.

போலீஸ் ஜீப் வர எட்டு நிமிஷம் ஆனது. அந்த எட்டு நிமிஷத்தில் வெல்டர் ஓடவில்லை. ஒளியவில்லை. ஒரே ஒரு காரியம் செய்தான். சட்டைப் பையிலிருந்து ஒரு ரசீதை எடுத்தான். நாலாக மடித்தான். வாயில் போட்டு, மென்று, விழுங்கினான்.

அந்தக் கொலையை அவன் செய்யவில்லை என்று நிரூபிக்க உலகத்தில் அவனிடம் இருந்த ஒரே காகிதம் அதுதான்.

அதைத்தான் தின்றான்.

ஏன்...?

* * *

பதினான்கு வருஷம் பின்னால் போக வேண்டும்.

அப்போது அவனுக்கு இருபத்து மூன்று வயது. கப்பல் பழுது பார்க்கும் பட்டறையில் வேலை. கூட வேலை செய்த ஃபிட்டர், சாப்பாட்டு இடைவேளையில் இவன் அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னான். இவன் கையில் கசடு தட்டும் சுத்தியல் இருந்தது. ஒரு விநாடி யோசித்திருந்தால் கீழே போட்டிருப்பான். யோசிக்கவில்லை.

தலையில் அடிபட்ட ஃபிட்டர் பிழைத்துக்கொண்டான். ஆனால் அவன் இடது கை அதற்கப்புறம் தோளுக்கு மேல் எழும்பவே இல்லை.

கோர்ட்டில் வெல்டர் மறுக்கவில்லை. நான்தான் அடித்தேன் என்றான். இரண்டு வருஷம் உள்ளே இருந்தான்.

வெளியே வந்தவனுக்குப் பெண் கொடுக்க யார் இருக்கிறார்கள்? ஒரு நர்ஸ் இருந்தாள். இருவரையும் தனியாகப் பேசவிட்ட ஐந்து நிமிஷத்தில், நாலு நிமிஷம் இவன் ஜெயிலைப் பற்றியே சொன்னான். ஐந்தாவது நிமிஷத்தில் அவள் கேட்டது ஒரே கேள்வி. அந்த ஃபிட்டரை அப்புறம் போய்ப் பார்த்தீர்களா? பார்த்தேன், மன்னிப்புக் கேட்டேன், கதவைச் சாத்திவிட்டான் என்றான். அவள் சம்மதம் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து அவளிடம் அவன் எதையும் மறைத்ததில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. மகளையும் அழைத்துக்கொண்டு போனாள். ஆறு வயதில் போன பாப்பாவுக்கு இப்போது ஒன்பது. அவள் முன்பல் விழுந்ததையும் முளைத்ததையும் வெல்டர் போன் திரையில்தான் பார்த்தான்.

கணவனைக் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று அவளுக்கு ஒரு வழியாக அனுமதி வந்தது. அவள் பங்கு மனுவை அங்கேயே கொடுத்துவிட்டாள். இவன் பங்குக்கு இங்கே ஒரு விண்ணப்பம். பதினாறு பக்கம்.

பதினோராம் பக்கத்தில் ஒரு கேள்வி. நீங்கள் எந்த நாட்டிலாவது, எப்போதாவது, குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டதுண்டா? ஆம்... இல்லை... டிக் செய்யவும்.

உள்ளதை உள்ளபடி எழுதுங்கள் என்று மனைவி போனில் சொல்லியிருந்தாள். இவனும் சரி என்றுதான் சொன்னான்.

விசா வாங்கித் தரும் ஏஜென்ட் அதைக் கேட்டுச் சிரித்தார்.

"'ஆமா'ன்னு மட்டும் எழுதிப் பாருங்க... பன்னிரண்டாம் பக்கத்தை எவனும் புரட்டக்கூட மாட்டான்."

"பொய் சொல்லி மாட்டிக்கிட்டா?"

"உங்க பேர்ல எந்தக் கேஸும் இல்லைன்னு போலீஸ் சர்டிபிகேட் நான் வாங்கித் தர்றேன். அப்புறம் யாரு கேட்கப் போறாங்க? ஒண்ணு மட்டும்... உங்க சம்சாரத்துக்கிட்டகூட மூச்சு விடாதீங்க. அங்க போன் பேச்சை எவன் ஒட்டுக் கேட்கறான்னு யாருக்குத் தெரியும்."

வெல்டருக்கு ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. சனிக்கிழமை திரும்பப் போனான். மனசு ஒப்பவில்லை, உண்மையையே எழுதிவிடலாம் என்றான். ஏஜென்டுக்குப் பொத்துக்கொண்டு வந்தது. உன் ஜெயில் புத்தியைக் காட்டாதே என்றார். அடுத்த நொடி வெல்டரின் கை அவர் காலரில் இருந்தது. பிடித்த வேகத்திலேயே விட்டும்விட்டான். ஆனால் கீழே தையல் மெஷின் ஓட்டம் நின்றுபோயிருந்தது. அந்த அம்மாள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டிருக்கிறாள்.

கடைசியில் 'இல்லை' என்ற கட்டத்தில்தான் டிக் விழுந்தது. மூன்று வருஷமாக மகளைத் தொட்டுப் பார்க்காத அப்பனின் பேனா வேறு எந்தப் பக்கம் சாயும்?

திங்கட்கிழமை காலை. நகரத்தின் மறுகோடியில் இருந்த விசா மையம். நாலாம் கவுன்டர். கண்ணாடி மேல் பத்து விரலையும் வைத்தான். கேமரா முகத்தைப் பிடித்தது. மேலே சொன்னதெல்லாம் உண்மை என்று கையெழுத்துப் போட்டான். கவுன்டரில் இருந்த பெண் ரசீதைக் கிழித்துக் கொடுத்தாள். அதில் நேரமும் அச்சாகியிருந்தது.

10.20.

வேலை முடிந்தது என்று சொல்லத்தான் பஸ் ஏறி ஏஜென்ட் ஆபீசுக்கு வந்தான். கேட்க வேண்டியவர் தரையில் கிடந்தார்.

இந்த ரசீது போலீஸ் கையில் சிக்கினால் என்ன ஆகும்? விசா மையத்தைக் கேட்பார்கள். கேட்கிற பேச்சோடு பேச்சாக, இவன் பழைய கைதி என்பதும் அங்கே போய்ச் சேரும். பொய் வெளுத்துவிடும். அதற்கப்புறம் பாப்பா திரையிலேயே படித்து, திரையிலேயே கல்யாணமும் பண்ணிக்கொள்வாள்.

அதனால்தான் தின்றான்.

* * *

இன்ஸ்பெக்டர் ஐம்பது வயதை நெருங்கிய பெண்மணி. அவர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. உயர்த்த வேண்டிய அவசியமும் வந்ததில்லை.

தையல்கார அம்மாளின் வாக்குமூலம் நீளமாக இருந்தது. அதில் உருப்படியான விஷயம் ஒன்றுதான். ரேடியோவில் பத்தேகால் செய்தி முடிந்த கையோடு மேலே ஏதோ 'தொம்'மென்று விழுந்ததாம். நாற்காலி என்று நினைத்துக்கொண்டாளாம். அப்படியானால் பத்து இருபது.

பிணத்தில் இன்ஸ்பெக்டருக்கு ஒரு விஷயம் உறுத்தியது. ஏஜென்டின் வெள்ளைச் சட்டைக் காலரில் ஒரு கறை. கட்டைவிரல் அகலத்தில். ஊதா நிறம். மேஜை மேல் இருந்த பேனாக்களை ஒவ்வொன்றாகக் கிறுக்கிப் பார்த்தார். நீலம், கறுப்பு, சிவப்பு... ஊதா இல்லை. வெல்டரின் கையைத் திருப்பிப் பார்த்தார். தீப்பொறித் தழும்புகள்தான் இருந்தன.

நோட்டில் ஒரு கேள்விக்குறி போட்டுக்கொண்டார்.

"பத்து இருபதுக்கு எங்க இருந்தீங்க?"

"வீட்ல, மேடம். தூங்கிட்டிருந்தேன்."

ஏட்டு போய் விசாரித்துக்கொண்டு வந்தார். எட்டரைக்கே கதவைப் பூட்டிக்கொண்டு, இஸ்திரி போட்ட சட்டையும் கையில் ஃபைலுமாக இவன் கிளம்பியதைப் பக்கத்து வீட்டுக்காரர் பார்த்திருக்கிறார்.

"இஸ்திரி போட்டுக்கிட்டுத்தான் தூங்குவீங்களா?" இன்ஸ்பெக்டர் கேட்டார்.

வெல்டர் சட்டையின் மடிப்பை இழுத்துவிட்டுக்கொண்டான்.

மாலைக்குள் பழைய ரிக்கார்டு மேஜைக்கு வந்துவிட்டது. அன்றைக்கும் தலை. அன்றைக்கும் இரும்பு. போதாக்குறைக்குச் சனிக்கிழமை காலர் பிடித்த சண்டை. மாஜிஸ்திரேட் மறுபேச்சில்லாமல் பதினைந்து நாள் காவல் கொடுத்தார்.

கேஸ் முடிந்தது என்றார் ஏட்டு. ஊதா முடியவில்லையே என்றார் இன்ஸ்பெக்டர்.

தினம் காலையில் லாக்கப்புக்கு வந்து அதே கேள்வியைக் கேட்பார். பத்து இருபதுக்கு எங்கே? அவனும் தினம் அதே பதிலைச் சொல்வான். தூக்கம். பொய் என்று அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்று அவனுக்கும் தெரியும்.

நாலாம் நாள் ஏட்டு சிரித்துக்கொண்டே வந்து ஒரு புகார் சொன்னார். லாக்கப் கதவில் மூன்றாவது கம்பிக்கு வெல்டிங் சரியில்லையாம். ஓங்கி உதைத்தால் கழன்று வந்துவிடுமாம். சீக்கிரம் ஆளைக் கூப்பிட்டுச் சரி பண்ணுங்கள் என்று உள்ளே இருப்பவனே சொல்கிறானாம்.

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. தப்பிக்க நினைப்பவன் கதவின் ஓட்டையைக் காவல்காரனிடம் சொல்வானா? அவன் கொலையை மறைக்கவில்லை... வேறு எதையோ மறைக்கிறான்.

ஐந்து நாள். ஆறு. ஏழு. வெல்டரின் கன்னம் ஒட்டிப் போனது. விண்ணப்பம் எந்த மேஜையில் இருக்கும், யார் புரட்டிக்கொண்டிருப்பார்கள் என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்தான். விசா கைக்கு வரட்டும். கொலைகாரன் என்றைக்காவது அகப்படத்தான் போகிறான். அதுவரை வாய் திறக்கக் கூடாது.

பத்தாம் நாள், புதன்கிழமை காலை, இன்ஸ்பெக்டர் கேள்வி கேட்கவில்லை. கம்பிக்கு வெளியே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

"நீங்க கைதான சேதி கேட்டு உங்க சம்சாரம் போன் பண்ணாங்க. வேலையை விடறதுக்கு லெட்டர் எழுதிட்டாங்களாம். பொண்ணுக்கு ஸ்கூல்லயும் சொல்லிட்டாங்களாம். வெள்ளிக்கிழமை பிளைட்ல கிளம்பறாங்க."

வெல்டர் எழுந்து நின்றான்.

"வர வேணாம்னு சொல்லுங்க, மேடம்."

"என்ன காரணம் சொல்லட்டும்?"

வெல்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"பத்து இருபதுக்கு நான் விசா மையத்துல இருந்தேன். நாலாம் கவுன்டர். என் பத்து விரலும் அங்க இருக்கு."

ஏட்டு டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"பத்து நாளா இதைச் சொல்றதுக்கு என்ன கேடு உங்களுக்கு?"

எல்லாவற்றையும் சொன்னான். பதினோராம் பக்கம். தின்ற ரசீது. கேஸே இல்லை என்று ஏஜென்ட் கொடுத்த போலீஸ் சர்டிபிகேட்.

"எந்த ஸ்டேஷன் சர்டிபிகேட்?"

"இந்த ஸ்டேஷன்தான், மேடம். உங்க கையெழுத்துதான் போட்டிருந்துச்சு."

இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

"என் கையெழுத்தா?"

"நல்லாத்தான் இருந்துச்சு, மேடம்."

சீல் யார் செய்தது என்று கேட்டார். ஆளைப் பார்த்ததில்லை. ஆனால் ஏஜென்ட் தன் எதிரிலேயே போனில் பேசியதை வெல்டர் கேட்டிருந்தான். ரப்பர் ஸ்டாம்ப் செய்கிற யாரோ. சர்டிபிகேட் அவசரம் என்று சொன்னார். விரலில் மை போகாத ஆள் என்பதால் எல்லோரும் அவருக்கு ஒரு பட்டப்பெயர் வைத்திருந்தார்களாம். அதைச் சொல்லித்தான் கூப்பிட்டார்.

"என்ன பேர்?"

"ஊதா."

இன்ஸ்பெக்டர் ஸ்டூலை உதைத்துக்கொண்டு எழுந்தார்!

* * *

கோர்ட்டுக்குப் பின்பக்கச் சந்தில், பீரோ அளவுக்கு ஒரு கடை. உள்ளே அறுபது வயது மனிதர் ரப்பரைச் செதுக்கிக்கொண்டிருந்தார். ஜீப்பைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்தார். ஓடவில்லை. பத்து விரலும் ஊதா.

"பத்து நாளா கடையைத் திறந்து வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். இப்பத்தான் வர்றீங்க."

அவர் கதை சின்னது. அவர் செய்த சீல் குத்திய சர்டிபிகேட் இரண்டு, போன மாதம் எங்கோ ஒரு தூதரகத்தில் பிடிபட்டிருந்தது. அந்தத் திங்கட்கிழமை காலை ஏஜென்ட் அவரை வரச் சொன்னார். விசாரணை வந்தால் உன் பேரைத்தான் சொல்வேன், நான் ஒன்றுமறியாதவன் என்றார். இவர் காலரைப் பிடித்து உலுக்கினார். ஏஜென்ட் தட்டிவிட்டு, யாருக்கோ போன் பண்ணத் திரும்பினார். மேஜை மேல் பஞ்சிங் மெஷின் இருந்தது.

மத்தியானம் சாப்பாட்டுக்கு முன்னால் எல்லாம் முடிந்துவிட்டது. வெல்டர் முதல் நாளே வாயைத் திறந்திருந்தால், முதல் நாள் மத்தியானமே முடிந்திருக்கும்.

லாக்கப் கதவைத் திறந்துவிட்டார்கள். ஆனால் இன்ஸ்பெக்டர் அவனை உடனே அனுப்பவில்லை. தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார். போலீஸ் ஸ்டேஷனில் உட்காரச் சொல்லித் தண்ணீரும் கொடுத்தால் நல்ல சேதியாக இருக்காது. வெல்டருக்கு அது தெரியும்.

"பொய் சொன்னது அங்க தெரிஞ்சுபோச்சா, மேடம்?"

"அது ரெண்டாம் நாளே தெரியும்."

அவனுக்குப் புரியவில்லை. பத்து இருபதுக்கு அவன் அங்கே இருந்ததை உறுதிப்படுத்தச் சொல்லி விசா மையத்துக்கு எழுதியிருந்தார் இன்ஸ்பெக்டர். பதிலோடு இரண்டு கடிதங்களின் நகலும் வந்திருந்தன. இரண்டும் வெல்டரின் மெயிலுக்கு அனுப்பப்பட்டவை. அவன்தான் உள்ளே இருந்தானே... எப்படிப் பார்ப்பான்?

முதல் கடிதம், அவன் கைதான மறுநாள் தேதி. இன்ஸ்பெக்டர் மெதுவாகப் படித்துச் சொன்னார். உங்கள் மனைவி தம் மனுவிலேயே உங்கள் தண்டனையைக் குறிப்பிட்டு, தீர்ப்பின் நகலையும் இணைத்திருக்கிறார். பதினான்கு ஆண்டுகள் கடந்துவிட்டதால் அது ஒரு தடையில்லை. ஆனால் உங்கள் விண்ணப்பத்தில் 'இல்லை' என்று இருக்கிறது. கைத்தவறாக இருந்தால் ஐந்து வேலை நாட்களுக்குள் திருத்தி அனுப்பவும்.

ஐந்து வேலை நாள் நேற்று சாயங்காலத்தோடு முடிந்திருந்தது.

இரண்டாவது கடிதம் அன்று காலைத் தேதி. பதில் இல்லாததால் பொய்த் தகவல் தந்ததாகக் கருதி நிராகரிக்கிறோம். இனி பத்து ஆண்டுகளுக்கு விண்ணப்பிக்க இயலாது.

வெல்டர் தண்ணீர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். உண்மை கேட்ட இடத்தில் பொய் சொன்னான். உண்மையைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே விடுதலையாகியிருக்கக்கூடிய இடத்தில் வாயைக் கட்டிக்கொண்டு கிடந்தான். யாருக்குத் தெரியக் கூடாது என்று கிடந்தானோ, அவர்களுக்கு அது முதலிலேயே தெரியும். தெரிந்தும் வா என்றுதான் சொல்லியிருக்கிறார்கள்.

"நானே போன் பண்ணிப் பேசிப் பார்த்தேன்," என்றார் இன்ஸ்பெக்டர். "அவர் கைதாகி உள்ள இருந்தாரு, அதனாலதான் பதில் போட முடியலைன்னு சொன்னேன். எதுக்குக் கைதுன்னு கேட்டாங்க. கொலைக் கேஸுன்னு சொன்னேன்... லைன் கட்டாயிடுச்சு."

அப்பீல் ஒன்று இருக்கிறதாம். போட்டுப் பார்க்கலாம். அந்தப் போலி சர்டிபிகேட்டும் இப்போது வெளியே வந்துவிட்டதால் நம்பிக்கை வைக்க வேண்டாம் என்றும் சொன்னார்.

மனைவியிடம் பேச அவர் போனையே கொடுத்தார். வெல்டர் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தான். பிறகு அவன்தான் கேட்டான்.

"உன் மனுல எழுதினதை எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"நீங்க பொய் எழுதுவீங்கன்னு எனக்குத் தோணவே இல்லைங்க." என்றாள் அவள். "எங்கிட்ட நீங்க அப்படி இருந்ததே இல்லையே..."

வேலையை விடாதே என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னான். இங்கே வந்தால் பாப்பாவுக்கு ஜெயில்காரன் மகள் என்றுதான் பெயர், அங்கே அவளுக்கு அவள் பெயரே இருக்கிறது, அது போதும் என்றான். அவள் அழுதாள். கடைசியில் டிக்கெட்டை ரத்து செய்வதாகச் சொன்னாள். பின்னால் பாப்பா, அப்பா எப்போது வருகிறார் என்று கேட்டது. மனைவி போனைக் கையால் பொத்திக்கொண்டாள். இருந்தும் கேட்டுவிட்டது.

பத்து வருஷம். அப்போது பாப்பாவுக்குப் பத்தொன்பது.

போலி சர்டிபிகேட்டுக்காக அவன் மேல் ஒரு வழக்குப் போட்டிருக்கலாம். இன்ஸ்பெக்டர் போடவில்லை. கொலை வழக்கில் அவனை அரசுத் தரப்புச் சாட்சியாகச் சேர்த்துக்கொண்டார். அவரால் முடிந்தது அவ்வளவுதான்.

வெளியே ஏட்டு ஒரு ரிஜிஸ்டரை நீட்டினார். வெல்டர் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டான். ஏட்டு கடமை தவறாதவர். கடைசி நிபந்தனையையும் விரலை ஆட்டியபடி சொல்லிவைத்தார்.

"நீங்க முக்கியமான சாட்சி. கேஸ் முடியற வரைக்கும் நாட்டை விட்டு எங்கயும் போயிடக் கூடாது. புரிஞ்சுதா?"

வெல்டர் பத்து நாளில் முதல் தடவையாகச் சிரித்தான்.

"கவலையே படாதீங்க, ஏட்டய்யா. அந்தப் பொறுப்பை வேற ஒரு நாடே ஏத்துக்கிடுச்சு."